ராக்கெட்டும் சிதையும்

2021 மே 1 அன்று சீனாவின் வெய்போ தளத்தில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக வெளியாயின. ஒன்றில் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும் ராக்கெட். மற்றதில் இந்தியாவில் திறந்தவெளியில் எரியும் சிதைகள். சீனா மூட்டும் நெருப்பையும் இந்தியா மூட்டும் நெருப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிற தோரணையில் மேலே ஒரு வரி. வெளியிட்டது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய அரசியல், சட்ட விவகார ஆணையத்தோடு இணைந்த கணக்கு. இரண்டு நாள் முன்புதான் சீனா தன் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியான தியான்ஹேயை விண்ணுக்கு அனுப்பியிருந்தது. அதே நாட்களில் இந்தியாவின் ஒருநாள் தொற்றுக் கணக்கு முதன்முறையாக 4 லட்சத்தைத் தாண்டியது.

அந்தப் பதிவு நெடுநேரம் நிற்கவில்லை. சீனர்களே அதை எதிர்த்தார்கள். பக்கத்து நாட்டின் சாவைக் காட்டிப் பெருமையடிப்பதா என்று பலர் கொதித்தார்கள். 'குளோபல் டைம்ஸ்' ஏட்டின் அப்போதைய ஆசிரியர் ஹூ ஷிஜின், எந்த நாளும் சீன தேசியத்தின் பக்கம் நிற்பவர், இது மனிதாபிமானத்தைத் தூக்கிப்பிடிக்க வேண்டிய நேரம் என்று எழுதினார். ஃபூடான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷென் யீ அவரைக் கண்டித்து, படம் போட்டதில் தவறில்லை என்று வாதாடினார். பதிவு நீக்கப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை.

இந்தியா மேற்கு நாடு இல்லை. ஆனாலும் மேற்கத்திய மக்களாட்சி மீது சீன இணையம் நடத்திவந்த வழக்கில் இந்தியா ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்பட்டது. தேர்தல் நடத்துகிறாயே, நீதிமன்றம் வைத்திருக்கிறாயே, பத்திரிகை வைத்திருக்கிறாயே, சாவை நிறுத்த முடிந்ததா? பெருந்தொற்றுக் காலம் முழுக்கச் சீன இணையவாசிகள் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்த்துக் கேட்ட கேள்வி இதுதான். நம் ஊரிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் பல்லடத்தை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிகள் திருப்பூரில் அடைந்து கிடக்க, பல்லடம் வட்டாரம் விசைத்தறியையும் கறிக்கோழியையும் நம்பி வாழ்வது. தறிக்காரர் பலர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முடங்கியது. இரவு பகலாக ஓடிய தறிகள், பாதி நெய்த பாவோடு அப்படியே நின்றன. கஞ்சி போட்ட நூல் நாள்கணக்கில் இழுவையில் நின்று விறைத்தால், திரும்ப ஓட்டும்போது அறுந்துகொண்டே இருக்கும். தறிச் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த ஊர்களில் அந்தச் சத்தம் இல்லாத இரவு எப்படி இருந்திருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளிகளில் முக்கியமானது, வுஹானில் ஹுவோஷென்ஷான் மருத்துவமனை எழும்பும் காட்சி. 1,000 படுக்கைகள், பத்தே நாள். ஜனவரி 23இல் மண் வெட்டத் தொடங்கி பிப்ரவரி 2இல் கட்டி முடித்துவிட்டார்கள். 'சீனாக்காரன்னா சீனாக்காரன்தானுங்க, இங்க ஒரு சாக்கடைப் பாலம் கட்ட ரெண்டு வருஷமாகுது' என்ற பேச்சைக் கொங்கு நாட்டு டீக்கடை எதிலும் கேட்டிருக்கலாம். அதைச் சொன்னவர் சீனாவின் ஆதரவாளர் இல்லை. சீனத் துணியும் சீன எந்திரமும் தன் பிழைப்பை எப்படி நெருக்குகின்றன என்று அறிந்தவர். அவருடைய ஆதங்கம் தன் அரசின் மீது.

அதே ஊர் இணையத்தின் இன்னொரு முகத்தை அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 2020 பிப்ரவரி, மார்ச்சில், கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி நாடு முழுக்கப் பரவியது. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை நாள்தோறும் நிர்ணயமாகும் இடம் பல்லடம். வளர்த்த செலவில் பாதிகூடத் திரும்பாத அளவுக்கு விலை சரிந்தது. ஐதராபாத்தில் பிப்ரவரி 28 அன்று தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி தின்று காட்டினார்கள். அரசு மறுத்தும் பயம் போகவில்லை. யார் சொல்வதை நம்புவது என்ற கேள்வி, நோய் வந்து சேர்வதற்கு முன்பே பல்லடத்துப் பண்ணைக்காரரின் முதலைக் கரைத்துவிட்டது.

வுஹானில் அந்தக் கேள்விக்கு ஓர் உயிர் போனது. லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர், 2019 டிசம்பர் 30 அன்று உடன் படித்த மருத்துவர்களின் வீசாட் குழுவில், சார்ஸ் போன்ற நோயோடு ஏழு பேர் வந்திருப்பதாக எச்சரித்தார். ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் அவரை உட்காரவைத்து, வதந்தி பரப்பியதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதே நோய் தொற்றி 2020 பிப்ரவரி 7 அதிகாலையில் இறந்தார். அந்த இரவில் சீன இணையத்தில் நடந்தது அதற்கு முன் காணாதது. 'எனக்குப் பேச்சுரிமை வேண்டும்' என்ற குறிச்சொல்லின் கீழ் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். விடிவதற்குள் அது அழிக்கப்பட்டது. அழிக்க முடியாமல் நின்றது, லீயின் கடைசி வெய்போ பதிவு. அதன் கீழே மக்கள் இன்றும் எழுதுகிறார்கள். காலை வணக்கம் சொல்கிறார்கள், தேர்வு நன்றாக எழுதியதைச் சொல்கிறார்கள், வேலை போனதைச் சொல்கிறார்கள், அவருக்குப் பிடித்த பொரித்த கோழியைப் பற்றிப் பேசுகிறார்கள். கருத்துகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. சீனர்கள் மக்களாட்சியின் மதிப்பே அறியாதவர்கள் என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டே மாதத்தில் காற்று மாறியது. ஏன் மாறியது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 'மூளைச்சலவை' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால் எதுவும் விளங்காது.

வுஹான் 76 நாள் அடைபட்டுக் கிடந்து ஏப்ரல் 8 அன்று திறந்தது. அந்த நேரத்தில் நியூயார்க்கில் பிணங்களை வைக்கக் குளிர்பதன லாரிகள் நின்றன. அந்நகரின் ஹார்ட் தீவில் நீளமான குழிகளில் பெட்டிகளை அடுக்கிப் புதைத்தார்கள். ஏப்ரல் 23 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்த முடியுமா என்று நேரலையில் கேட்டார். முகக்கவசம் போட மாட்டோம் என்று துப்பாக்கியோடு ஊர்வலம் போனவர்களைச் சீன இளைஞர்கள் கைப்பேசியில் பார்த்தார்கள். விடையை எழுதிக் கொடுத்தும் பார்த்து எழுதக்கூடத் தெரியவில்லையே இவர்களுக்கு என்பது அப்போது வெய்போவில் ஓயாமல் கேட்ட கேலி. இந்தக் காட்சிகள் எவையும் பொய் இல்லை. சீன அரசு இவற்றை இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. எடுத்துக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது.

சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சீன நகர்ப்புற மக்களிடம் இணையவழியில் தொடர்ந்து கேட்டுவந்த கணிப்பில் இந்த மாற்றம் எண்ணாகவே பதிவானது. பத்துக்கு இத்தனை என்ற அளவில், மத்திய அரசு மீதான நம்பிக்கை 2019 ஜூனில் 8.23; 2020 மேயில் 8.87. அமெரிக்கா மீதான நல்லெண்ணம் அதே காலத்தில் 5.77இலிருந்து 4.77ஆக இறங்கியது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கேரி வூ 2020 ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்திய கணிப்பில் 98 விழுக்காட்டினர் மத்திய அரசை நம்புவதாகச் சொன்னார்கள். இந்த 98ஐ எப்படிப் படிப்பது என்பது பின்னால் வரும்.

எழுத்தாளர் ஃபாங் ஃபாங்குக்கு நடந்தது இந்தத் திருப்பத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. வுஹான் அடைபட்டிருந்தபோது அவர் இரவுதோறும் இணையத்தில் எழுதிய நாட்குறிப்புக்காகக் கோடிக்கணக்கானோர் கண்விழித்துக் காத்திருந்தார்கள். இறந்தவர்களின் கைப்பேசிகள் தகனக்கூடத்தில் சிதறிக் கிடந்ததை எழுதியவர் அவர். ஏப்ரலில் அந்நூல் ஆங்கிலத்தில் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், முன்பு படித்துக் கண்ணீர் விட்டவர்களிலேயே ஒரு பகுதியினர் துரோகி என்று தூற்றினார்கள். மேற்குக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிறாள் என்றார்கள். வீட்டுக்குள் பேசலாம், ஊரார் முன்னால் பேசக் கூடாது என்ற குடும்ப நியாயம் அது. தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

2021 ஜனவரி 6 அன்று டிரம்பின் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தபோது, சீன இணையம் கொண்டாடியது. 2019 ஜூலையில் ஹாங்காங் சட்டமன்றத்தைப் போராட்டக்காரர்கள் உடைத்து நுழைந்த படங்களையும் வாஷிங்டன் படங்களையும் 'குளோபல் டைம்ஸ்' பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஹாங்காங் போராட்டத்தை அழகான காட்சி என்று வர்ணித்திருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் அப்போதைய தலைவர் நான்சி பெலோசியின் பேச்சை எடுத்து அவர் மீதே திருப்பினார்கள். அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு செய்தி காணாமல் போனது. இரண்டு மாதம் முன்பு, தொற்று உச்சத்தில் இருந்த நாட்டில், சுமார் 15.8 கோடிப் பேர் வாக்களித்துப் பதவியிலிருந்த அதிபரைத் தோற்கடித்திருந்தார்கள். படம் பிடிக்கத் தோதான காட்சி அதில் இல்லை.

இந்த இடத்தில் திருப்பூர் கதைக்குள் வருகிறது. 2021 மார்ச் 24 அன்று கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தின் வெய்போ கணக்கு, சுவீடனைச் சேர்ந்த எச் அண்ட் எம் நிறுவனம் முந்தைய ஆண்டு வெளியிட்ட ஓர் அறிக்கையைத் தோண்டி எடுத்தது. ஷின்ஜியாங்கில் உய்குர் மக்களைக் கட்டாய வேலை வாங்குவதாக வந்த செய்திகளால் அங்கிருந்து பருத்தி வாங்குவதை நிறுத்துவதாகச் சொன்ன அறிக்கை. ஓரிரு நாளில் அந்நிறுவனம் சீனாவின் பெரிய இணையக் கடைகளிலிருந்தும் வழிகாட்டி வரைபடங்களிலிருந்தும் மறைந்தது. சீனப் பருத்தியில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஷின்ஜியாங்கில் விளைவது. எங்கள் பருத்தியைப் பற்றிப் பேச அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தவர்களுக்கு என்ன யோக்கியதை என்று வெய்போவில் கேட்டார்கள்.

திருப்பூரும் அதே மேற்கத்திய நிறுவனங்களுக்குத் தைத்துத் தரும் ஊர். தொழிலாளர் உரிமை, வேலை நேரம், கழிப்பறை எண்ணிக்கை, தீயணைப்பான் தேதி என ஆண்டுதோறும் ஆடிட் நடக்கும். 2020 மார்ச்சில் ஐரோப்பியக் கடைகள் மூடியதும், அதே நிறுவனங்கள் பலவற்றிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. ஆர்டர் ரத்து, அனுப்பிய சரக்குக்குத் தள்ளுபடி கொடு, பணம் ஆறு மாதம் கழித்து. தைத்து முடித்த துணி பெட்டிகளில் கிடந்தது. வங்கதேசத்தில் நடந்ததுபோலவே இங்கும் கூலி கொடுக்க வழியில்லாமல் உற்பத்தியாளர்கள் திணறினார்கள். மேற்கின் நியாயப் பேச்சுக்கும் நடத்தைக்கும் இருக்கும் தூரத்தைச் சீன இளைஞர் இணையத்தில் பார்த்தார் என்றால், திருப்பூர் கணக்குப் புத்தகத்தில் பார்த்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அதே சமயம், ஆர்டரை ரத்து செய்தவன் மோசம் என்பதால் உய்குர் பெண்ணின் வேலை கட்டாயமில்லை என்று ஆகிவிடாது. கோபத்தின் வேகத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியதுதான் அந்தக் கால இணையத்தின் பெரிய நோய்.

இனி, சீனர்கள் மேற்கை எந்தச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள் என்ற கேள்வி. பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூயூ சென்னும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் யாங்கும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதில் கண்ணைத் திறப்பது. பெய்ஜிங்கில் ஏறத்தாழ 1,800 மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தணிக்கையைத் தாண்டும் கருவியை 18 மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களிலும் மிகச் சிலரே வெளிநாட்டுச் செய்தியைத் தேடினார்கள். ஆனால் சில மாதம் செய்தி படிக்கத் தூண்டப்பட்டவர்கள் அதன் பிறகு தாமாகவே படித்தார்கள், கருத்தையும் மாற்றிக்கொண்டார்கள். சுவரை விடவும், சுவருக்கு அப்பால் தேடத் தோன்றாத பழக்கம் பலமாக இருந்தது.

பெருந்தொற்று அந்தப் பழக்கத்தை உடைத்தது. 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த இன்னோர் ஆய்வு, வுஹான் இருக்கும் ஹூபேய் மாகாணத்தில் அடைப்பின்போது தடையைத் தாண்டி வெளித் தளங்களுக்குப் போனவர்கள் பெருகியதைக் காட்டியது. நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனவர்கள், சீனாவில் பேசத் தடையுள்ள அரசியல் செய்திகளையும் தேடிப் படித்தார்கள். உயிர்ப்பயம் வந்தபோது மனிதர் உண்மையைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

சன்னலை மூடியது சீனா மட்டுமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லையில் இரு நாட்டுப் படைகளும் மோதிய கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கோடு வீசாட்டும் போனது. சீன விற்பனையாளரோடு உதிரிபாகத்துக்கும் ஜிப்புக்கும் பேச வீசாட்டை வைத்திருந்த பின்னலாடை வட்டாரத்துக்கு, சாதாரணச் சீனரோடு இருந்த ஒரே பேச்சுவழி அடைபட்டது. அதன் பிறகு சீனாவைப் பற்றி நமக்குக் கிடைப்பவை ராணுவச் செய்திகளும் அதிசயக் கட்டுமானக் காணொளிகளும்தாம்.

எண்களுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 17 அன்று வுஹான் நிர்வாகம் தன் சாவுக் கணக்கில் 1,290ஐக் கூட்டி 3,869 என்று திருத்தியது. 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு விடுபட்ட 444 சாவுகளைச் சேர்த்தது. இரண்டு அரசுகளும் முதலில் குறைத்துத்தான் கூறின. திருத்தம் வந்த வழி வேறு. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் அரசு அறிக்கையையும் ஒப்பிட்டுச் செய்தியாளர்கள் ஜூன் மாதமே கேள்வி எழுப்பினார்கள். அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் விடாமல் துரத்தின. அரசு குழு அமைத்தது. வுஹானில் எண்ணைச் சுயமாகச் சரிபார்க்கக் கிளம்பிய குடிமக்கள் செய்தியாளர்கள் காவலில் இருந்தார்கள். மே மாதம் கைதான ஷாங் ஷானுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறை.

இதை வைத்து இந்தியாவை உத்தமனாக்க முடியாது. 2021 ஏப்ரலில் லக்னோவில் சுடுகாட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்து மறைத்தார்கள். இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மேயில் மதிப்பிட்டது. அரசின் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மதிப்பீட்டை அரசு ஏற்கவும் இல்லை. ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் அழைத்துப் போகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூனில் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, முகக்கவசம் போடாத இளைஞர்களை நோயாளிபோல் நடித்தவர் இருந்த ஆம்புலன்ஸில் ஏற்றி அலறவைத்த திருப்பூர் மாவட்டப் போலீசாரின் காணொளியை நாடே சிரித்துப் பகிர்ந்தது. முகக்கவசமில்லாத கிழவியைப் பறக்கும் ட்ரோனின் ஒலிபெருக்கி அதட்டும் காணொளியைச் சீனர்கள் சிரித்துப் பகிர்ந்ததும் அதே ஆண்டில்தான். அடிக்கும் அரசைப் பார்த்துக் கைதட்டும் மனநிலை இங்கும் இருந்தது.

ஆனாலும் லக்னோவின் தகரத் தடுப்பை அடிக்கும்போதே யாரோ படமெடுத்தார்கள். அன்றைக்கே நாடு பார்த்தது. டெல்லியின் சிதைகளை ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் தானிஷ் சித்திக் படமெடுத்தார்; அந்தப் படங்களுக்காக அவருக்கும் உடன் பணிபுரிந்த மூவருக்கும் 2022இல் புலிட்சர் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. சீன ஆணையத்தின் கணக்கு எரியும் சிதையை எடுத்துப் போட முடிந்தது, இங்கே அதைப் படமெடுக்க ஆள் இருந்ததால். எந்த நாட்டின் சாவு அதிகம் கண்ணில் படுகிறதோ அந்த நாட்டின் ஆட்சிமுறை தோற்றுவிட்டதாகத் தோன்றும். கண்ணில் படுவதற்கே ஆட்சிமுறை காரணம் என்பது அந்தத் தீர்ப்பில் விட்டுப்போகிறது. சீன இணையவாசிகளின் பிழை இது. ஹுவோஷென்ஷான் காணொளியை மட்டும் பார்த்த நம் டீக்கடையின் பிழையும் இதுவே.

தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தது. முகக்கவசமில்லாத பிரசாரக் கூட்டங்களைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்று வாய்மொழியாகச் சாடினார். அந்தச் சொற்களைச் செய்தியாக்கத் தடை கேட்டு ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. சொற்கள் கடுமையானவை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், செய்தியைத் தடுக்க மட்டும் மறுத்துவிட்டது. வாக்கு எண்ணியபோது மாநிலம் ஆட்சியை மாற்றியிருந்தது; பல்லடம் தொகுதி அ.தி.மு.க.விடமே இருந்தது. ஆளுங்கட்சியைக் கைவிட்டவர்களும் விடாதவர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

சீனாவில் 2022 அந்த 98 விழுக்காட்டைச் சோதித்தது. மார்ச் இறுதியில் தொடங்கிய ஷாங்காய் அடைப்பில் சுமார் 2.5 கோடிப் பேர், ஆசியாவின் பணக்கார நகரங்களில் ஒன்றில், காய்கறிக்கு அலைந்தார்கள். ஏப்ரல் 22 அன்று 'ஏப்ரலின் குரல்கள்' என்ற ஆறு நிமிடக் காணொளி பரவியது. கறுப்பு வெள்ளையில் நகரத்தின் வான்காட்சி. மேலே, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் அழுகை, மருந்துக்குக் கெஞ்சும் மகனின் குரல், அடுக்ககத்திலிருந்து சோறு கேட்டுக் கத்துபவர்கள். அழிக்க அழிக்க, தலைகீழாக்கியும் வேறு படங்களுக்குள் ஒளித்தும் மக்கள் ஏற்றினார்கள். செப்டம்பர் 18 அன்று குய்ஷோவில் தனிமை முகாமுக்கு ஆட்களை ஏற்றிப் போன பேருந்து கவிழ்ந்து 27 பேர் இறந்தபோது, நாம் எல்லோரும் அந்தப் பேருந்தில்தான் இருக்கிறோம் என்று எழுதினார்கள்.

நவம்பரில் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து. அரங்கு நிறைய முகக்கவசமில்லாத மக்கள். நாங்கள் வேறு கிரகத்திலா இருக்கிறோம் என்ற கேள்வி இணையத்தில் எழுந்தது. சீன அரசுத் தொலைக்காட்சி ரசிகர்களின் நெருக்கக் காட்சிகளைக் குறைத்தது. 2020இல் வெளிநாட்டுக் காட்சிகளை எடுத்துக் கொடுத்த அரசு, 2022இல் அவற்றை மறைக்க வேண்டியிருந்தது. நவம்பர் 24 அன்று உரும்ச்சியில் அடுக்ககத் தீயில் பத்துப் பேர் இறந்தார்கள். அடைப்பால் தப்ப முடியாமல் போனதென்று மக்கள் நம்பினார்கள். ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் இளைஞர்கள் வெற்றுத் தாளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகள் தளர்ந்தன. முன்னேற்பாடு இல்லாத அந்தத் தளர்வுக்கும் விலை இருந்தது. டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை மருத்துவமனைகளில் மட்டும் 59,938 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது.

அப்படியென்றால் 98 விழுக்காடு பொய்யா? 2024இல் 'சைனா குவார்ட்டர்லி' இதழில் வந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. நேரடியாகக் கேட்டால் கட்சியையும் தலைமையையும் ஆதரிப்போர் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க முடியாத விதத்தில் கேட்டால், 50க்கும் 70க்கும் இடையில் வருகிறது. பயந்து சொன்ன பங்கு பெரிது. மனமார ஆதரிக்கும் பங்கும் சிறிதில்லை. மேற்கின் ஏடுகள் முதல் பாதியையே எழுதின, சீன ஏடுகள் இரண்டாவதையே எழுதின. 2020 மேயில் அமெரிக்காவுக்கு ஒரு மதிப்பெண் குறைத்த சீனர், பொய்த் தகவலால் மட்டும் குறைக்கவில்லை. பத்து லட்சம் பேரைச் சாகவிட்ட நாட்டுக்கு, அந்தச் சாவுகள் தொடங்கியபோதே குறைத்தார். அவரால் செய்ய முடியாமல் போனது, அதே அளவுகோலைத் தன் ஊர் மேல் வைத்துப் பேசுவது.

வெய்போவில் ஒரு காட்சி 2020 கோடையில் ஓடியது: மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்து போகும் இந்தியத் தொழிலாளர்கள். திருப்பூரிலிருந்தும் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போகத் துடித்தவர்கள் இருந்தார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்ட பிறகே பலர் ஊர் சேர்ந்தார்கள். இப்படி நடந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. 2022 அக்டோபர் இறுதியில் அதே காட்சி சீனாவில் ஓடியது. செங்சோவிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் வேலியைத் தாண்டிக் குதித்து, வயல் வழியாகவும் நெடுஞ்சாலை ஓரமாகவும் ஊருக்கு நடந்தார்கள் தொழிலாளர்கள். வழியோரக் கிராமத்தார் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கோடிக்கணக்கான சீனர்கள் இப்படிப் பிழைப்புக்காக ஊர்விட்டு வாழ்பவர்கள். பிறந்த ஊரோடு கட்டிப்போடும் ஹுகோவ் பதிவினால், வேலை பார்க்கும் நகரத்தில் பள்ளியும் மருத்துவமும் முழு உரிமையாக அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பல்லடத்துத் தறிக்கூடங்களில் இன்று பெரும்பாலும் பாவு பிணைப்பதும் தறி ஓட்டுவதும் வடமாநிலத் தொழிலாளர்கள். ஆண்டுக்கணக்கில் இங்கே வேலை பார்த்தும் பெரும்பாலோரின் வாக்கு சொந்த ஊரில் கிடக்கிறது. ஊர்விட்டவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க ஓர் எந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது; 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளுக்குச் செய்து காட்ட ஏற்பாடு செய்தது. எதிர்க்கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின, திட்டம் நின்றுபோனது. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு முழுக்க மக்களவைத் தேர்தல். வாக்காளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டம். ஒடிசா மே 13 முதல் ஜூன் 1 வரை நான்கு கட்டமாக வாக்களித்தது, பீகார் ஏழு கட்டமாக. அந்த நாட்களில் பல்லடத்தில் தறி வழக்கம்போல் ஓடியது. ஊருக்குப் போய் வாக்களித்துவர விரும்பியவர் இரண்டு இரவு ரயில் பயணத்துக்கும், அத்தனை நாள் கூலிக்கும், திரும்பி வரும்போது அந்தத் தறி தனக்கே இருக்குமா என்பதற்கும் கணக்குப் போட வேண்டியிருந்தது.